காலாவதியான கடல் ஃப்ளேரை என்ன செய்வது? சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காசிமேட்டில் விசைப்படகு வைத்திருப்பவர், துறைமுகத்துக்குள் பாய்மரப் படகு கட்டியிருப்பவர், பாரிமுனையில் கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்ப்பவர், கப்பல் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்தவர் என்று பலரும் இதே சிக்கலோடு வருகிறார்கள். கையில் தேதி போன ஃப்ளேர் இருக்கிறது. வைத்திருக்கவும் பயம், தூக்கிப் போடவும் பயம். இரண்டு பயமும் நியாயமானதுதான். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

ஃப்ளேர் என்று எதையெல்லாம் சொல்கிறீர்கள்?

கடலில் ஆபத்தில் இருக்கிறோம் என்று காட்டக் கொளுத்தும் பொருள்கள். மூன்று வகைதான் அதிகம் கண்ணில் படும். கை ஃப்ளேர் என்பது கையில் பிடித்துக் கொளுத்துவது; சோலாஸ் (கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம்) தரத்தின்படி 15,000 கேண்டெலா (ஒளியை அளக்கும் அலகு) சிவப்பு வெளிச்சத்தோடு ஒரு நிமிடமாவது எரிய வேண்டும். பாராசூட் ஃப்ளேர் ராக்கெட்டாகக் குறைந்தது 300 மீட்டர் மேலே போய், அங்கே 30,000 கேண்டெலா விளக்கைப் பற்றவைத்து, ஒரு குட்டிப் பாராசூட்டில் 40 நொடி தொங்கவிடும். மூன்றாவது ஆரஞ்சுப் புகை டப்பா. பகலில் பயன்படுவது, தண்ணீரில் மிதந்தபடி 3 நிமிடம் புகையும்.

மோதலைத் தவிர்க்கக் காட்டும் வெள்ளை ஃப்ளேர், லைஃப்பாய் என்னும் மிதவை வளையத்தோடு மாட்டியிருக்கும் 15 நிமிடப் புகை டப்பா, கயிறு எறியும் ராக்கெட் ஆகியவற்றையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளை ஃப்ளேர் ஆபத்துச் சமிக்ஞை அல்ல என்பதால் அதை லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். உள்ளே இருக்கும் மருந்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

எண்ணிக்கையும் குறைவில்லை. பெரிய சரக்குக் கப்பலில் பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் அறையில், 12 பாராசூட் ஃப்ளேர் இருக்க வேண்டும். ஒவ்வொரு லைஃப்போட்டிலும் 4 பாராசூட், 6 கை ஃப்ளேர், 2 புகை டப்பா. இரண்டு லைஃப்போட் உள்ள கப்பல் என்றால் அதுவே 36 உருப்படி. லைஃப் ராஃப்ட் என்னும் காற்றடைத்து விரியும் உயிர்காப்பு மிதவைக்குள் இருப்பது தனி. இவ்வளவும் சில ஆண்டுக்கு ஒருமுறை காலாவதியாகிக் கரைக்கு வந்தாக வேண்டும்.

காலாவதித் தேதி எங்கே இருக்கும்?

குழாயின் உடம்பிலேயே, தயாரித்த மாதமும் காலாவதி மாதமும் அச்சிட்டிருக்கும். பெரும்பாலும் தயாரிப்பில் இருந்து 3 ஆண்டு. சில தயாரிப்புகளுக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகம். உங்கள் ஃப்ளேரில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. உப்புக்காற்றில் எழுத்து அழிந்து போயிருந்தால் காலாவதி ஆனதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பூதக்கண்ணாடி வைத்துச் சுரண்டிப் பார்க்கும் வேலை எல்லாம் வேண்டாம்.

தேதி போனால் அது செத்த சரக்குதானே?

இல்லை. பாதித் தொல்லை இந்த நினைப்பால்தான் வருகிறது. காலாவதி என்றால் “இனி இது சொன்னபடி வேலை செய்யும் என்று நாங்கள் உறுதி கொடுக்க மாட்டோம்” என்று தயாரித்தவர் சொல்கிறார், அவ்வளவுதான். எரியாது என்று அவர் சொல்லவில்லை.

சிவப்பு ஃப்ளேரில் மக்னீசியத் தூள், சிவப்பு நிறம் கொடுக்கும் ஸ்ட்ரான்ஷியம் நைட்ரேட், எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கும் பிசின் ஆகியவை இருக்கும். பலவற்றில் பெர்குளோரேட்டும் உண்டு. ஈரம் உள்ளே போனால் மக்னீசியம் அரிக்கும். வெயிலில் வெந்து ஆறி வெந்து ஆறி மருந்துக் கட்டியில் விரிசல் விழும். விரிசல் விழுந்த மருந்து சீராக எரியாது. ஒரு நொடியில் வேண்டியதைவிட அதிகப் பரப்பு பற்றிக்கொள்ளும். அதனால் பழைய ஃப்ளேர் மூன்று விதமாக நடந்துகொள்ளலாம்: பற்றாமல் போகலாம், ஒழுங்காக எரியலாம், அல்லது கையிலேயே பிளந்து உருகிய குழம்பைக் கொட்டலாம். எது எப்படி என்று வெளியில் இருந்து பார்த்துச் சொல்ல முடியாது. மே மாதம் சென்னையில் படகின் வீல்ஹவுஸ் எப்படிக் கொதிக்கும் என்று படகுக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தச் சூட்டில் இரண்டு மூன்று கோடையைப் பார்த்த ஃப்ளேர் அது.

சரி, உபரியாகப் படகிலேயே வைத்துக்கொள்ளலாமா? ஆபத்துக்கு உதவுமே?

இதில் இரண்டு கட்சி உண்டு. புதுசு முழு எண்ணிக்கையில் இருந்தால், பழையது சிலவற்றைக் கூடுதலாக வைத்திருக்கலாம் என்று சொல்லும் நாடுகளும் அனுபவஸ்தர்களும் இருக்கிறார்கள். வேண்டாம் என்பது என் கட்சி. நடுக்கடலில், இருட்டில், அலையில், நடுங்கும் கையோடு பெட்டியில் கைவிடுபவர் தேதி பார்த்து எடுக்கமாட்டார். முதலில் கைக்கு வருவது பழையதாகத்தான் இருக்கும். அது படகுக்குள் கொட்டினால் ஆபத்து இரண்டாகிவிடும். வாணிபக் கப்பலில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை; கப்பலைச் சோதிக்க வரும் சர்வேயர் தேதி போனதைப் பார்த்தால் குறை எழுதிவிடுவார்.

வீட்டுக் குப்பையோடு போட்டால் என்ன?

மாநகராட்சிக் குப்பை வண்டி என்ன செய்கிறது என்று ஒருமுறை நின்று பாருங்கள். தெருவில் சேர்த்த குப்பை காம்பாக்டர் லாரிக்குள் போகிறது. இரும்புத் தகடு அதை அழுத்தி நசுக்குகிறது. பல வகை ஃப்ளேர்களைப் பற்றவைக்க ஒரு இழுப்போ, ஒரு திருகோ, அடியில் ஒரு தட்டோ போதும். அந்தத் தட்டு காம்பாக்டருக்குள் விழுந்தால், பக்கத்தில் நிற்பது தூய்மைப் பணியாளர். அதற்கும் முன்பே பல இடங்களில் ஒரு அம்மா வெறும் கையால் அந்தப் பையைப் பிரித்துத் தரம் பார்க்கிறார்.

அங்கே தப்பினால் அடுத்து கொடுங்கையூர் அல்லது பெருங்குடி குப்பைக் கிடங்கு. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கு பற்றி எரிந்து, சுற்றுவட்டாரம் நாள்கணக்கில் புகையில் கிடந்தது ஞாபகம் இருக்கும். அந்த மலைக்கு நம் பங்காக ஒரு தீக்குச்சி அனுப்ப வேண்டியதில்லை. வீட்டு அபாயக் கழிவு என்று தனியாகப் பிரித்துக் கொடுப்பதில் பேட்டரி, டியூப்லைட், பெயின்ட் டப்பா போகலாம். ஃப்ளேர் வெடிபொருள், அந்தப் பிரிவிலும் சேராது.

பாராசூட் ஃப்ளேரின் குழாய் அலுமினியம் மாதிரி இருக்கிறது. காயலான் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார்.

எடுத்துக்கொள்வார், ஏனென்றால் அது என்னவென்று அவருக்குத் தெரியாது. கிரைண்டரை வைப்பார், அல்லது சுத்தியலால் தட்டி நெளிப்பார். உள்ளே ஒரு ராக்கெட் மோட்டார் இருக்கிறது. தெரியாமல் கொடுப்பது ஒன்று. இதைப் படித்த பிறகு கொடுப்பது வேறு.

தண்ணீர் வாளியில் ஒரு வாரம் ஊறவைத்தால் நமத்துப் போய்விடும் என்கிறார்களே?

வீட்டுப் பட்டாசுக்குப் பொருந்தும் யோசனை, இதற்குப் பொருந்தாது. கை ஃப்ளேர் தரச்சான்று பெறுவதற்கான சோதனைகளில் ஒன்று, எரிந்துகொண்டிருக்கும்போதே 10 சென்டிமீட்டர் தண்ணீருக்கு அடியில் 10 நொடி முக்குவது. அப்புறமும் எரிய வேண்டும். புகை டப்பாவுக்கும் அதே சோதனைதான். அலையில் நனைந்தும் வேலை செய்யவே செய்த பொருளை வாளித் தண்ணீர் என்ன செய்யும்?

சீல் விட்டுப்போன பழைய ஃப்ளேர் என்றால் நிலைமை இன்னும் மோசம். தண்ணீர் உள்ளே போய் மக்னீசியத்தோடு சேர்ந்து ஹைட்ரஜன் வாயு கிளப்பும். பெர்குளோரேட் தண்ணீரில் கரையும்; அந்தத் தண்ணீரைக் கொல்லையில் கொட்டினால் நிலத்தடி நீருக்குப் போகும். அது தைராய்டு சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கும் பொருள். ஊறிய மருந்து மறுபடி காய்ந்தால் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. அறுத்துத் திறந்து மருந்தைக் கொட்டுவது, மண்ணில் புதைப்பது ஆகிய யோசனைகளுக்கும் இதே பதில்.

மீன்பிடிக்கப் போகும்போது நடுக்கடலில் போட்டுவிட்டால்?

கப்பலில் இருந்து குப்பை கொட்டுவதை, கப்பல்கள் கடலை மாசுபடுத்துவதற்கு எதிரான மார்பால் ஒப்பந்தத்தின் ஐந்தாம் இணைப்பு தடுக்கிறது. ஃப்ளேருக்கு அதில் விலக்கு இல்லை. சட்டத்தை விடுங்கள், புகை டப்பா மிதப்பதற்காகவே செய்தது. போட்ட இடத்தில் இருக்காது. காற்றும் நீரோட்டமும் தள்ளித் தள்ளி ஏதாவது ஒரு குப்பத்துக் கரையில் ஒதுக்கும். பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில், இழுக்க வாகான வளையத்தோடு கரையில் கிடந்தால் முதலில் எடுப்பது குழந்தைகள்தான்.

தீபாவளி அன்னைக்கு ராத்திரி மொட்டை மாடியில் விட்டால் யாருக்குத் தெரியப்போகுது?

ஒவ்வொரு அக்டோபரிலும் வரும் கேள்வி.

முதல் விஷயம், சிவப்பு ஃப்ளேரும் ஆரஞ்சுப் புகையும் சர்வதேச மோதல் தடுப்பு விதிகளின் நான்காம் இணைப்பில் இருக்கும் ஆபத்துச் சமிக்ஞைகள். உண்மையான ஆபத்து தவிர வேறு எதற்கும் காட்டக்கூடாது என்று அதே இணைப்பு சொல்கிறது. கரையோரத்தில் சிவப்பு விளக்கு தொங்குவதைப் பார்த்து யாராவது கடலோரக் காவல்படைக்குச் சொன்னால், அவர்கள் அதை விளையாட்டு என்று ஒதுக்க முடியாது. படகு கிளம்பும். அதே நேரம் வேறெங்கோ உண்மையாகவே ஒரு ஃபைபர் படகு கவிழ்ந்திருக்கலாம்.

இரண்டாவது விஷயம் ஒரு சின்னக் கணக்கு. பாராசூட் ஃப்ளேர் நொடிக்கு அதிகபட்சம் 5 மீட்டர் வேகத்தில் இறங்கலாம். 40 நொடியில் 200 மீட்டர். 300 மீட்டர் உயரத்தில் பற்றினால், தரைக்கு 100 மீட்டர் மேலேயே எரிந்து அணைந்துவிடும். புது ஃப்ளேருக்கு இந்தக் கணக்கு சரி. ராக்கெட் மருந்து பழுதாகி 100 மீட்டர்தான் ஏறியது என்று வையுங்கள். அதே விளக்கு பாதி எரிந்த நிலையிலேயே கீழே வந்து சேரும். தண்ணீர் ஊற்றினாலும் அணையாத, ஆயிரம் டிகிரி செல்சியசுக்கு மேல் எரியும் விளக்கு அது. கீழே பட்டினப்பாக்கமோ நொச்சிக்குப்பமோ இருந்தால் வலைக்குவியல், கூரை, படகு, எதன் மேலும் விழலாம்.

கல்யாண ஊர்வலம், தியேட்டர் வாசல், கிரிக்கெட் ஜெயிச்ச கொண்டாட்டம்?

கூடவே கூடாது. 1993 நவம்பரில் கார்டிஃப் நகரில் வேல்ஸ், ருமேனியா கால்பந்துப் போட்டி முடியும் நேரத்தில் ஒருவர் விட்ட கடல் ராக்கெட் ஃப்ளேர் அரங்கின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த முதியவரைக் கொன்றது. 2013 பிப்ரவரியில் பொலிவியாவின் ஒருரோ நகரில் அதே மாதிரி ஒரு ஃப்ளேர் 14 வயதுப் பையனின் உயிரை எடுத்தது. இரண்டுமே கூட்டத்தில் விட்டவை. கடைகளில் விற்கும் கலர்ப் புகைக் குச்சியும் இதுவும் ஒன்று என்று நினைத்துத்தான் பலர் கேட்கிறார்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

பயிற்சிக்குப் பயன்படுத்தலாமா? ஈசிஆரில் அத்தனை கடல்சார் கல்லூரிகள் இருக்கின்றனவே?

உத்தண்டியில் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகமே இருக்கிறது. கானாத்தூர்ப் பக்கமும் கல்லூரி உண்டு. பயிற்சியில் ஃப்ளேர் கொளுத்திக் காட்டுவதும் வழக்கம்தான். ஆனால் அது முன்கூட்டியே கடலோரக் காவல்படைக்குத் தெரிவித்து, அதற்கான இடத்தில், பயிற்சியாளர் மேற்பார்வையில் நடப்பது. உங்கள் பையில் இருக்கும் தேதி போன நாலு ஃப்ளேரை வாசலில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரும் விஷயம் இல்லை. கொடுக்க நினைத்தால் முதலில் வெறும் கையோடு போய்ப் பேசுங்கள்: உரிமம் இருக்கிறதா, பழைய சரக்கை எடுப்பார்களா, எழுத்தில் தருவார்களா. மாணவர் கையில் பழைய ஃப்ளேரைக் கொடுக்கும் பயிற்சி நிலையத்தில் என் பிள்ளையைச் சேர்க்க மாட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, எதையும் செய்யாதே என்கிறீர்கள். அப்போ எங்கேதான் கொடுப்பது?

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பெட்டியில் போட்டுவிட்டு வந்துவிடும் இடம் என்று ஒன்று கிடையாது. வழி யாருக்கு எது என்பது, ஃப்ளேர் உங்களிடம் எப்படி வந்தது என்பதைப் பொறுத்தது.

புதுசு வாங்கப் போகிறவராக இருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கும் ஒரே நாள், வாங்கும் நாள்தான். பணம் கொடுப்பதற்கு முன் கேளுங்கள்: “பழையதை எடுத்துக்கொள்வீர்களா? எடுத்ததற்கும், பிறகு அழித்ததற்கும் எழுத்து தருவீர்களா?” பணம் கைமாறிய பிறகு கேட்டால், “அது எங்க வேலை இல்லை சார்” என்ற பதில் வரும். எடுத்துக்கொள்ளக் கட்டணம் கேட்டால் கொடுத்துவிடுங்கள். வெடிபொருளைச் சட்டப்படி கையாள்வதற்குச் செலவு இருக்கிறது. இலவசமாக எடுத்துக்கொள்கிறேன், ரசீது கிடையாது என்பவரிடம்தான் சந்தேகம் வர வேண்டும். அந்த ஃப்ளேர் பிறகு எங்கே கிடைத்தாலும், உடம்பில் இருக்கும் தயாரிப்புத் தொகுதி எண் உங்கள் பில் வரை கொண்டுவந்து சேர்க்கலாம்.

லைஃப் ராஃப்ட் வைத்திருப்பவர்களுக்கு அது ஆண்டுதோறும் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் ஸ்டேஷனுக்குப் போய் வரும். பெட்டியைத் திறந்து, தேதி முடியும் ஃப்ளேர்களை மாற்றி, சான்றிதழ் கொடுப்பார்கள். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. சில இடங்களில் கழற்றிய பழைய ஃப்ளேர்களை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, ராஃப்டோடு சேர்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். டெலிவரி சலானில் கையெழுத்துப் போடும் பையன் அதைக் கவனிக்கமாட்டான். வேலை கொடுக்கும்போதே ஆர்டரில் எழுதுங்கள்: “கழற்றிய ஃப்ளேர்களைச் சர்வீஸ் ஸ்டேஷனே அகற்ற வேண்டும்.” இந்த ஒரு வரி இருந்தால் பாதித் தலைவலி போய்விடும்.

சென்னைத் துறைமுகத்துக்கோ எண்ணூர், காட்டுப்பள்ளிக்கோ வரும் கப்பல் என்றால், கேப்டன் ஏஜென்ட்டுக்கு முன்கூட்டியே எண்ணிக்கை, வகை, தேதி எழுதிக் கேட்க வேண்டும். கரைக்கு இறக்கத் துறைமுகம், சுங்கம், வெடிபொருள் பிரிவு என மூன்று பக்கமும் அனுமதி பார்க்க வேண்டும். கப்பலைக் கரையில் கட்டிய அன்று மாலை சொன்னால் நடக்காது. சுங்கத்துறை இதில் ஏன் இவ்வளவு இழுக்கிறது என்று அலுத்துக்கொள்பவர்கள் மணலியை நினைத்துக்கொள்ளலாம். 2015இல் பிடித்து வைத்த 740 டன் அம்மோனியம் நைட்ரேட் அங்கே சரக்குப்பெட்டக நிலையத்தில் ஐந்து ஆண்டு கிடந்து, 2020 ஆகஸ்டில் பெய்ரூட் வெடித்த பிறகுதான் அவசர அவசரமாக ஐதராபாத்துக்குப் போனது. இறக்கிய ஃப்ளேருக்கு ரசீது வாங்கிக் கப்பலின் குப்பைப் பதிவேட்டில் ஏற்றுங்கள். கப்பலுக்கும் கரைக்கும் படகு ஓட்டும் லாஞ்சுக்காரர் ரசீது தர மறுத்தால் அவரிடம் கொடுக்காதீர்கள்.

கடையும் தெரியாது, பில்லும் இல்லை, அப்பா பெட்டியில் இருந்தது என்பவர்களுக்கு அடுத்த பதில்.

கப்பல் சாமான் விற்கும் சாண்ட்லரும் எடுக்கவில்லை, வேறு யாரும் எடுக்கவில்லை. அரசாங்கத்தில் யாரைக் கேட்பது?

வெடிபொருள் விஷயத்தில் நாடு முழுக்கக் கடைசி வார்த்தை பெசோ என்னும் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. தலைமையகம் நாக்பூர். தென் வட்ட அலுவலகம் நம் ஊரிலேயே, நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் இருக்கிறது. 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும், 2008ஆம் ஆண்டு விதிகளும் இவர்கள் கையில்தான். சிவகாசிப் பட்டாசு ஆலையில் இருந்து கல்குவாரி வரை இவர்களிடம் வந்தாக வேண்டும்.

போகும்போது ஃப்ளேரை எடுத்துப் போகாதீர்கள். கடிதத்தை எடுத்துப் போங்கள். சொல்கிறேன் என்று சிரிக்க வேண்டாம், பையில் வைத்துக்கொண்டு வாசல் வரை வருபவர்கள் உண்டு. கடிதத்தில் வகை, தயாரிப்பு நிறுவனம், எண்ணிக்கை, தயாரித்த தேதி, காலாவதித் தேதி, இப்போது எங்கே எப்படி வைத்திருக்கிறீர்கள், எப்படிக் கைக்கு வந்தது, உங்கள் போன் எண் எல்லாம் இருக்கட்டும். தொடாமல் எடுத்த போட்டோ இரண்டு இணையுங்கள். ஒரு நகலை உங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்கும் கொடுத்து, இரண்டிலும் முத்திரை வாங்குங்கள். அழிப்பது எங்கே, யார் மூலம் என்று அவர்கள் சொல்லும் வழியில்தான் அடுத்த வேலை. மூன்று நான்கு படகுக்காரர்கள் சங்கம் மூலமாகவோ கிளப் மூலமாகவோ ஒரே கடிதமாகக் கொடுத்தால் நகரும் வேகமே வேறு. ஆனால் கடிதத்தை மட்டும் சேருங்கள். எல்லார் ஃப்ளேரையும் ஒரே அறையில் சேர்க்காதீர்கள்.

போலீசுக்குச் சொன்னால் என் மேலேயே கேஸ் போடமாட்டார்களா?

உரிமம் இல்லாமல் வெடிபொருள் வைத்திருப்பது குற்றம்தான். இல்லை என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஆனால் நீங்களே எழுதிக் கொடுத்து முத்திரை வாங்கியதும், சோதனையில் உங்கள் வீட்டில் இருந்து எடுத்ததும் ஒன்றாகாது. படகின் பதிவு, பழைய பில், ராஃப்ட் சான்றிதழ், அப்பாவின் சிடிசி என்னும் கப்பல் பணிப் பதிவுப் புத்தகம், எது இருந்தாலும் கடிதத்தோடு வையுங்கள். எண்ணிக்கை அதிகம் என்றால் ஒரு வக்கீலிடம் பேசிவிட்டுப் போவது நல்லது.

எப்படிக் கொண்டுபோவது? ஸ்கூட்டியில்?

நீங்கள் கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது. உரிமம் உள்ளவர் வந்து எடுக்கும்படி பேசுங்கள். மின்சார ரயில் கூடவே கூடாது: 1989 ரயில்வே சட்டத்தின் 164ஆம் பிரிவு, ஆபத்தான சரக்கோடு ரயிலில் ஏறினால் மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது. மெட்ரோ, பஸ், கூரியர், தபால், விமானம் எதுவும் கிடையாது. விமானத்தில் கைப்பை ஆகாது, லக்கேஜில் போடலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள், இரண்டிலும் ஆகாது. சரக்குப் போக்குவரத்தில் கப்பல் ஃப்ளேர் பெரும்பாலும் ஐநா எண் 0195இன் கீழ், 1.3ஜி என்ற வெடிபொருள் வகையில் வருகிறது. தீயும் கடும் வெப்பமும் கிளம்பக்கூடிய சரக்கு என்று அர்த்தம்.

கொடுக்கும் நாள் வரைக்கும் எங்கே வைப்பது?

முடிந்தால் வாங்கிய பெட்டியிலேயே. இல்லையென்றால் கெட்டியான, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா. மேலே “காலாவதி ஃப்ளேர், தொடாதே” என்று தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் அதைப் படிக்க வேண்டியவர் படிக்கமாட்டார். மூடியைக் கழற்றாதீர்கள், இழுப்பு வளையத்தைத் தொடாதீர்கள், கீழே போடாதீர்கள். சமையலறை, சிலிண்டர், இன்வெர்ட்டர் பேட்டரி, டீசல் கேன் பக்கம் வேண்டாம். தகரக் கூரைக்குக் கீழே வேண்டாம். டிசம்பர் மழையில் தண்ணீர் ஏறும் தரைத்தளமும் வேண்டாம்; வேளச்சேரி, முடிச்சூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வீங்கியிருக்கிறது, வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது, விரிசல் தெரிகிறது, ஏதோ கசிகிறது என்றால் டப்பாவில் போடும் வேலையும் வேண்டாம். இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு, வீட்டுக்காரர்களை வெளியே அழைத்துக்கொண்டு 112க்கு போன் போடுங்கள்.

கடற்கரையில் நடக்கும்போது ஆரஞ்சு டப்பா ஒன்று ஒதுங்கிக் கிடந்தது. எடுத்து ஓரமாக வைக்கலாமா?

தொடாதீர்கள். அது கப்பலின் புகை டப்பாவாகவும் இருக்கலாம், கடற்படையோ விமானமோ கடலில் இடம் குறிக்கப் போடும் மார்க்கராகவும் இருக்கலாம். இரண்டாவது வகையில் பாஸ்பரஸ் இருக்கும். எரிந்து முடிந்த மாதிரி தெரிந்தாலும், கரையில் காய்ந்த பிறகு காற்று பட்டு மறுபடி புகையும். தூர நின்று, குழந்தைகளையும் நாயையும் தள்ளி நிறுத்தி, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093க்கோ, காவல்துறையின் 112க்கோ சொல்லுங்கள். தேவைப்பட்டால் வெடிகுண்டு நிபுணர்களை அவர்களே வரவழைப்பார்கள். செல்ஃபி எடுக்கப் பக்கத்தில் போவதைத்தான் தடுக்க முடிவதில்லை.

கைதவறிப் பற்றிக்கொண்டது. என்ன செய்வது?

படகில் என்றால் காற்று படகைத் தாண்டி வெளியே போகும் பக்கமாகக் கையை நீட்டிக் கடலுக்கு மேலே பிடியுங்கள், அல்லது கடலில் போட்டுவிடுங்கள். இந்த ஒரு சமயத்தில் மட்டும் கடலில் போடுவது சரி. வீட்டில் என்றால் ஆட்களை வெளியே கூட்டிவாருங்கள். எரிய ஆக்சிஜனை அது தனக்குள்ளேயே வைத்திருக்கிறது, மூடி அணைக்க முடியாது. மணல் கொட்டினால் பக்கத்துப் பொருள்கள் பற்றுவது கொஞ்சம் குறையும். கை ஃப்ளேர் என்றால் ஒரு நிமிடம் போல எரிந்து அதுவாக அடங்கும். அதற்குள் திரைச்சீலையோ மெத்தையோ பற்றியிருந்தால் 101. வெளிச்சத்தை நேராகப் பார்க்காதீர்கள். மூடிய அறையில் புகை டப்பா என்றால் உள்ளே நிற்கவே கூடாது.

தீக்காயத்தில் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். பேஸ்ட், மாவு, இங்க் எதுவும் வேண்டாம். அப்புறம் 108. தீக்காயத்துக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தனிப் பிரிவே இருக்கிறது.

இந்தத் தொல்லையே வேண்டாம், எலக்ட்ரானிக் ஃப்ளேர் வாங்கிவிடலாமா?

பேட்டரியில் ஓடும் எல்இடி விளக்கு. மணிக்கணக்கில் மின்னும், எரிக்காது. அமெரிக்கக் கடலோரக் காவல்படை பொழுதுபோக்குப் படகுகளுக்கு இரவுச் சமிக்ஞையாக இதை ஏற்றிருக்கிறது. பகலுக்குத் தனியாகக் கொடி வேண்டும். சோலாஸ் கப்பலில் எரியும் ஃப்ளேர்களுக்கு இது பதிலாகாது. சொந்தப் படகுக்குக் கூடுதலாக வாங்கிக்கொள்ளலாம், நல்ல பொருள்தான். ஆனால் 300 மீட்டர் உயரத்தில் தொங்கும் விளக்கு தெரியும் தூரத்துக்கு, கையில் பிடித்த விளக்கு தெரியாது. கரையில் இருந்து தூரம் போகிறவர்களுக்கு ஃப்ளேரோடு விஎச்எஃப் ரேடியோவும், செயற்கைக்கோள் வழியே ஆபத்துத் தகவல் அனுப்பும் இஸ்ரோவின் டாட் கருவியும் இருந்தால் இன்னும் நல்லது. கரைக்கு போன் எடுக்கும் இடத்தில் இருந்தால் கடலோரக் காவல்படையின் 1554.

ஆபத்தில் செயற்கைக்கோளுக்குத் தகவல் அனுப்பும் எபிர்ப் கருவியும் பேட்டரி தேதி போய்க் கிடக்கிறது. அதையும் இதோடு கொடுத்துவிடலாமா?

வேண்டாம், அது வேறு கதை. வெடிக்காது, ஆனால் குப்பையில் போட்டால் நனைந்தோ, நசுங்கியோ தானே இயங்கி 406 மெகாஹெர்ட்சில் செயற்கைக்கோளைக் கூப்பிடும். பெங்களூரில் உள்ள இஸ்ரோவின் கட்டுப்பாட்டு மையத்தில் உங்கள் படகு பெயரோடு எச்சரிக்கை அடிக்கும். படகு ஆபத்தில் என்று நினைத்துத் தேடுவார்கள், அது குப்பைமேட்டில் கிடக்கும். பேட்டரியை அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் ஆளிடம் கழற்றச் சொல்லி, பதிவையும் ரத்து செய்யுங்கள். படகை விற்பவர்களும் அந்தப் பதிவைப் புது ஓனர் பெயருக்கு மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் நடு ராத்திரி போன் உங்களுக்குத்தான் வரும்.